கேட்டுக்கொண்டே இருந்தவர்

என் மாமனாருடன் பஸ்ஸில் போவதென்றால் எனக்குப் பயம். கல்யாணமான புதிதில் திருச்சியிலிருந்து அரியலூருக்கு அவரோடு வந்த முதல் பயணத்திலேயே அது தொடங்கிவிட்டது. லால்குடி தாண்டுவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரரின் ஊர், தொழில், எத்தனை பிள்ளைகள், மூத்தவளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்பது வரை விசாரித்து முடித்துவிட்டார். பிறகு முன்சீட்டுப் பெண்ணின் மடியிலிருந்த ஒயர்கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கத்திரிக்கா என்னா வெலைக்கும்மா போட்டான்?"

அவள் விலையைச் சொன்னாள்.

"ஏமாந்துட்டியே. ஆமா, இவ்ளோ கத்திரிக்கா எதுக்கு, வூட்ல விசேஷமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாழைத் தோட்டங்களை அவ்வளவு கவனமாக என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவர் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸில் பெரும்பகுதி பெரம்பலூர், அரியலூர் தடத்தில்தான். ஏறுகிறவர்களையெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதற்கே சம்பளம் வாங்கியவர். சம்பளம் நின்ற பிறகும் கேள்வி நிற்கவில்லை என்று என் கணவர் சொல்வார். அந்தக் காலத்தில் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அரியலூர் வீட்டில் மாமனார், என் கணவர், காலேஜ் படித்துக்கொண்டிருந்த நாத்தனார், நான். கணவருக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் லோடிங் சூப்பர்வைசர் வேலை. எனக்கு ஊரிலேயே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் உத்தியோகம். எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்கிற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. அந்தக் கர்வத்துக்குப் பெரிய இடைஞ்சல் என் மாமனார். தபால்காரரிடம் எதிர்வீட்டுக்கு என்ன வந்திருக்கிறது என்று கேட்பார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களை மறித்து, "டாக்டர் என்னா சொன்னாரு?" என்பார். துக்க வீட்டில் போய், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று விசாரிப்பார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பதில் வரும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் நிற்பார். முக்கால்வாசிப் பேர் அதற்குப் பயந்தே சொல்லிவிடுவார்கள். ஏன் மாமா இப்படி என்று கேட்டால், "கேட்டா என்னா கொறஞ்சா போயிடப் போறாங்க?" என்பார்.

அவருக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று நான் மனசுக்குள் தேடிக்கொண்டிருப்பேன். கல்யாணமான முதல் மாதம் க்யூரியஸ் என்று வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் அது இன்க்விசிட்டிவ் ஆகிவிட்டது. ஒரு வருஷம் முடிவதற்குள் அக்காவிடம் போனில் நோஸி என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன். போன் கூடத்தில் இருந்தது. அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் படிப்பதாகத்தான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மாடி, நேத்து ஒங்கக்காகிட்ட என்னையப் பத்தி ஒரு வார்த்த சொன்னியே, நோஸின்னு. அப்பிடின்னா என்னா?"

அடுப்பைத் தணித்தேன். "ஒங்களப் பத்தி இல்லீங்க மாமா."

"ஃபாதர் இன் லான்னு முன்னாடி சொன்னியே. அது எனக்குத் தெரியும்."

இனி மறைத்துப் பயனில்லை. "அடுத்தவங்க விஷயத்துல மூக்க நுழைக்கிறவங்க மாமா. நோஸ்னா மூக்கு. அதுலேர்ந்து வந்தது."

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தார். "வெள்ளக்காரனுக்கும் மூக்குதான் கண்ண உறுத்துதா? இதுக்கு வேற வார்த்த எதும் இருக்காம்மா?"

தன்னைத் திட்டிய வார்த்தையைத் தானே ஒட்டுக் கேட்டு, அதற்கு அர்த்தமும் கேட்டு, கூடவே அதன் அண்ணன் தம்பிகளையும் விசாரித்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். தப்பித்தால் போதும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். க்யூரியஸ் என்றால் நல்ல வார்த்தை, குழந்தைக்கும் விஞ்ஞானிக்கும் சொல்வது. இன்க்விசிட்டிவ் நடுவாந்திரம், சொல்கிறவர் குரலைப் பொறுத்தது. நோஸி கொஞ்சம் திட்டு. ஈவ்ஸ்ட்ராப்பிங் என்றால் ஒட்டுக் கேட்பது, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒண்டி நின்று உள்ளே பேசுவதைக் கேட்கிறவனுக்கு வந்த பெயர். ப்ரையிங் எல்லாவற்றையும்விட மோசம், ஒருத்தர் மூடி வைத்ததைத் திறந்து பார்ப்பது.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். "செய்யிறது எல்லாம் ஒரே வேலதானம்மா? விஞ்ஞானி செஞ்சா நல்ல பேரு, ரிட்டயர்டு கண்டக்டர் செஞ்சா கெட்ட பேரா?"

"விஞ்ஞானி கல்லையும் மண்ணையும் கேக்குறாரு மாமா. அதுங்களுக்கு வெக்கம் கெடையாது."

"அது சரி" என்றார். ஆனால் சரியென்று பட்டதாகத் தெரியவில்லை.

க்யூரியஸ் என்ற சொல்லின் வேரில் அக்கறை என்ற பொருள்தான் இருக்கிறது என்று காலேஜில் படித்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரு முழுக்க அக்கறையோடு கிளம்பியிருப்பார். அது இல்லாமலேயே, "எதுத்த வூட்டம்மா ஈவ்ஸ்ட்ராப்பிங். நான் வெறும் நோஸிதான். எதா இருந்தாலும் மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்புடுவேன்" என்று டீக்கடையில் போய்ப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய கேள்விகளால் நல்லது நடந்ததே இல்லையா என்றால், நடந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை, சின்னப் பெண் ஒருத்தி பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். நூறு பேர் கடந்து போனார்கள். நானும்தான் கடந்தேன். இவர் மட்டும் நின்று, எந்த ஊரும்மா, யாரு கூட வந்த, சாப்ட்டியா என்று ஆரம்பித்தார். அவள் எரிந்து விழுந்தாள். இவர் விடவில்லை. கடைசியில் அவள் அழுதாள். மீன்சுருட்டியில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இட்லி வாங்கிக் கொடுத்து, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஜெயங்கொண்டம் வழியாக அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது பெருமையாக இருந்ததா என்றால் இருந்தது. அதே பஸ்ஸில் அவர் புதுமணத் தம்பதியிடம் வரதட்சணை எவ்வளவு என்று கேட்கும் வரைக்கும் இருந்தது.

கேட்பதில் இருந்த கெட்டிக்காரத்தனம் அவருக்கு அடக்கி வைப்பதில் கிடையாது. அதுதான் எனக்குக் கிலி. எங்கள் பள்ளியில் என்னோடு ஒரு கணக்கு டீச்சர் இருந்தாள். லெப்பைக்குடிகாட்டுக்காரி. புருஷன் சவூதியில். ஆண்டுவிழாவுக்கு வந்த மாமனார், டீ டம்ளரோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள வந்து எத்தன வருஷம் ஆச்சும்மா?"

"ரெண்டு வருஷத்துல வந்துடறேன்னுதான் போனாங்க மாமு. இன்ஷா அல்லாஹ், அடுத்த பெருநாளைக்கு வருவாங்க."

"போனாவது பண்றாரா?"

இவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். அந்தச் சாய்ந்த தலைக்கு எப்படித்தான் அந்த வசியமோ, எங்கள் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டாள். போன் வந்து மாசக்கணக்காகிறது, அங்கே வேறு யாரோ இருப்பதாகப் பேச்சு. அவர் கண் கலங்கிவிட்டார். நிஜமாகவே கலங்கினார், நான் பார்த்தேன். ஒரு வாரம் அதே வருத்தத்தில் இருந்தார். அந்த வருத்தம் தாங்காமல் டீக்கடையில் யாரிடமோ சொல்லி அழுதார். அங்கிருந்து அது பஸ் ஏறி லெப்பைக்குடிகாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஒங்க மாமாகிட்டன்னுதான் சொன்னேன்" என்றாள் அவள். அதற்குப் பிறகு என்னுடன் பேசுவதை விட்டுவிட்டாள். ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலியை வேறு மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் எங்களுக்கு ஒரு ரகசியம் வாய்த்தது.

கல்யாணமாகி நான்கைந்து வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. தண்ணீர் பிடிக்கப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கினாலும் அதே கேள்வி. "விசேஷம் ஏதும் உண்டா?" கேட்கும்போதே பார்வை வயிற்றுக்குப் போய்விடும். ஊரில் எல்லாரும் கேட்டார்கள். எல்லாரையும் எல்லாமும் கேட்கிற என் மாமனார் மட்டும் என்னிடம் அதைக் கேட்டதேயில்லை. அதற்காகவே அவருடைய ஆயிரம் கேள்விகளை மன்னிக்கலாம் என்று நினைத்தேன்.

திருச்சியில் டாக்டரைப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் இல்லை, குறை என் கணவரிடம்தான் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், நிச்சயமில்லை என்றார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"யாருக்கும் தெரிய வேணாம். ஃபேக்டரில தெரிஞ்சா நான் செத்துருவேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

"எங்கிட்டேர்ந்து வெளிய போகாதுங்க" என்றேன்.

போகவும் இல்லை. அதன் பிறகு மலடி என்று யாராவது ஜாடை பேசினால், வலிக்கத்தான் செய்யும், ஆனாலும் சிரித்துவிட்டு வருவேன். என் பெயரைக் கொடுத்து அவர் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்ற ஒரு நிம்மதி இருந்தது. அப்படிப் பழகிவிட்டது.

நாத்தனாருக்குப் பெரம்பலூரில் கல்யாணமாகி, அடுத்த வருஷமே ஏழாம் மாசம் வந்தது. வளைகாப்பு சம்பந்தி வீட்டில். கட்டுச்சாதம், பழத்தட்டு, வளையல் எல்லாம் நாங்கள்தான் எடுத்துக்கொண்டு போனோம். அம்மா இல்லாத பெண், அதனால் அண்ணிதான் முதல் வளையல் போட வேண்டும் என்று நாத்தனார் போனில் பலமுறை சொல்லியிருந்தாள். எனக்கு உள்ளூர உதறல்தான். இருந்தாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

சம்பந்தியம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி அடுத்து நின்ற பெண்ணிடம் நீட்டினார். "நீ மொதல்ல வைம்மா, ரெண்டு புள்ள பெத்தவ." என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "நீ தப்பா எடுத்துக்காதம்மா, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. நீ போயி அந்தக் கட்டுச்சாதத்தப் பாரு" என்றார். நாத்தனார் என்னவோ சொல்ல வாயெடுத்து, மாமியார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். கூட்டம் வழிவிட்டது. நான் மேலே உரசிவிடாமல் வழிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"நில்லும்மா. சம்பந்தியம்மா, எதுக்கு எம் மருமவள ஒதுக்குறீங்க?"

"ஒதுக்கலீங்க, முறைதான்..."

"அவகிட்ட ஒரு கொறையும் கெடையாது. கொறை எம் மவன்கிட்ட. அவம் பையில இருந்த மாத்திரைய மருந்துக் கடைல காட்டிக் கேட்டுட்டேன். இது ஆம்பளைக்குக் குடுக்குறதுன்னு சொல்லிட்டான். இத்தன நாளா இவ வாயத் தொறக்காம பேச்சு வாங்கிட்டு இருக்கா. இவளுக்கில்லாத முறை வேற யாருக்கு இருக்கு?"

மூஞ்சிக்கு நேராகக் கேட்பேன் என்று பெருமை பேசியவர் மகனைக் கேட்கவில்லை. மகன் மூடி வைத்ததைத் திறந்து பார்த்திருக்கிறார். அதற்கான வார்த்தையையும் நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

சம்பந்தியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். நாத்தனாருக்குக் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கைக்கும் வளையல் அடுக்கினேன். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்துச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. உடம்பு முழுக்க லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. என்னைப் பார்க்கட்டும், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று வளையலை மெதுவாக, ஒவ்வொன்றாகப் போட்டேன். அதை முடித்துவிட்டுத்தான் என் கணவரைத் தேடினேன். பழத்தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரைக் காணோம். வாசலில் செருப்பும் இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறித் தனியாக அரியலூருக்குப் போய்விட்டிருந்தார்.

அன்றிலிருந்து அப்பாவிடம் அவர் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே கூடம். "அவரச் சாப்பிடச் சொல்லு", "அவரு பென்ஷன் வாங்கப் போவணுமான்னு கேளு", எல்லாம் என் வழியாகத்தான். ஆலையில் யாரோ எதையோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். என்னிடம் கோபமில்லை என்றுதான் சொன்னார். ஆனால் வளையல் போட்டபோது என் முகம் எப்படி இருந்தது என்பதைக் கிளம்புவதற்கு முன் அவர் பார்த்திருப்பாரோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

எனக்குத் தெருவில் மரியாதை கூடிவிட்டது. பாவம் என்று தோளைத் தொட்டார்கள். சீமந்தம், காதுகுத்து என்று முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். போகவும் செய்தேன்.

ஒரு நாள் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மாமனார் பின்கட்டுக்கு வந்தார்.

"நான் சொன்னது தப்பாம்மாடி?"

தப்பு என்றால் என் சந்தோஷம் பொய்யாகிவிடும். இல்லை என்றால் என் புருஷனை நானே விற்றதாகிவிடும். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பிறகு போய்விட்டார்.

அதுதான் அவர் கேட்டதாக எனக்கு ஞாபகமிருக்கும் கடைசிக் கேள்வி. எந்த நாளிலிருந்து என்று சொல்ல முடியாது, மெல்ல மெல்ல நின்றுபோனது. காய்கறிக்காரி கூடையை இறக்கினால் விலை கேட்பதில்லை. தபால்காரர் போனால் தலை நிமிர்வதில்லை. டீக்கடைக்கும் போவதில்லை. "பெரியவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று எதிர்வீட்டம்மா என்னிடம் விசாரித்தாள். நல்லாத்தான் இருக்கார் என்றேன். தினமும் சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார், அப்புறம் என்ன? உண்மையைச் சொன்னால், வீடு அமைதியாக இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. சினேகிதிகள் வந்தால் சங்கடமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாம்.

நாலைந்து வருஷம் இப்படியே போனது. ஒரு மத்தியானம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னான். என் கணவர் ஷிஃப்டிலிருந்து ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் பெரிய வார்டு, இரண்டு பக்கமும் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி அவர்களுடைய ஜனம். டாக்டர் சின்ன வயசுக்காரர். சட்டையை விலக்கி, வயிற்றில் கை வைத்து அழுத்தினார். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டார். எலும்பெல்லாம் அப்படித் தெரிந்தது. அவ்வளவு இளைத்திருக்கிறார் என்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் டாக்டர்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னைக்குத்தாங்க சார், திடீர்னு..." என்றார் கணவர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இது ஒரு நாள்ல வர்றதில்லீங்க. ஆறு மாசமாவது வலி இருந்திருக்கும். ராத்திரி தூக்கமாவது வருதா? சாப்பாடு இறங்குதா? என்ன மருந்து குடுத்தீங்க?"

தினமும் சோறு போட்ட எனக்கே அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது.

"நீங்க மகன்தானே? ஒரே வூட்லதானே இருக்கீங்க? ஆறு மாசமா ஒரு மனுஷன் வலியோட இருக்காரு, வூட்ல ஒருத்தர்கூட என்னன்னு கேக்கலையா?"

அவர் குரலை உயர்த்தித்தான் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். வார்டே எங்களைப் பார்த்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வளைகாப்பு வீட்டிலும் இப்படித்தான் குனிந்திருப்பார்.

மாமனார் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே, வார்டுக்கே கேட்கும்படி, கண்டக்டர் குரலில் சொன்னார்.

"கேட்டான் சார். தெனமும் கேட்டான். தங்கமான புள்ள. நாந்தான் வலி இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "ஏன் பெரியவரே" என்று அவரையே கடிந்துகொண்டார். அவர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டார். பக்கத்துக் கட்டில் ஜனம் என் கணவரைப் பாவம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் அவர் கால்மாட்டில் நின்றோம். அன்று சாயங்காலம் வரைக்கும் எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.